பல்கலைக்கழகம் யாருக்குச் சொந்தம்?

1990 ஆம் ஆண்டு யூன் மாதம் கீரிமலையை விட்டுப் புறப்பட்டபோது நாம் கையில் எடுத்து வந்தவை மிகச் சில. மாடுகளை அவிழ்த்து விட்டோம். தோட்டத்தில் நின்ற பயிரை நின்றபடியே விட்டோம். நீர் இறைக்கும் மெஷினைக் கழற்றிக் கொண்டுவர எல்லோருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஆனால் அநேகமாக ஒவ்வொரு குடும்பமும் மறக்காமல் எடுத்து வந்த கடதாசிகள் இரண்டு வகை. ஒன்று காணி உறுதி. மற்றது பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள்.

அந்த அவசரத்தில் யாரும் நின்று யோசித்து இவற்றைத் தெரிந்தெடுக்கவில்லை. நிலமும் படிப்பும்தான் எமது இரண்டு கைகள் என்று தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தவர்கள் நாம். ஒரு கை வெட்டுண்டால் மறு கையாவது மிஞ்சும் என்று எண்ணினோம். ஆண்டுகள் பல கடந்துவிட்டன. சான்றிதழ்கள் பலருக்குப் பயன்பட்டன. எமது பிள்ளைகளிற் சிலர் பல்கலைக்கழகம் புகுந்தார்கள், பட்டம் பெற்றார்கள். உறுதிகளோ சிலரது ட்ரங்குப் பெட்டிகளில் இன்னும் மடித்தபடி கிடக்கின்றன. காணி திரும்பக் கிடைத்தவர்களும் பற்றையும் கல்லும் மூடிய நிலத்தின் முன், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றோம்.

இந்த இரண்டு கடதாசிகளுக்கும் இடையே ஒரு தொடர்பு இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது. பிள்ளை படித்த படிப்புக்கும் தகப்பனின் நிலத்துக்கும் சம்பந்தமே இல்லையென்றால் அந்தப் படிப்பு யாருக்கு? அதைக் கொடுக்கும் பல்கலைக்கழகம் யாருக்குச் சொந்தம்?

இடம்பெயர்ந்த காலத்தில் எம்மிற் பலர் கோண்டாவில், உரும்பிராய், திருநெல்வேலிப் பகுதிகளில் மற்றவர்களின் செம்மண் காணிகளைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் செய்தோம். விடியற்காலையில் வெங்காயப் பிடிகளையும் கத்தரிக்காய்ச் சாக்குகளையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குப் போவோம். சந்தையிலிருந்து பல்கலைக்கழகம் நடை தூரந்தான். அதன் மதிலோரமாக எத்தனையோ நாள் போய் வந்திருக்கிறோம். உள்ளே போனதில்லை. உள்ளே எமக்கு என்ன வேலை என்று நினைத்தோம். ஊரில் அதை இன்றும் 'கம்பஸ்' என்றே சொல்கிறோம். அது படித்தவர்களின் இடம், நாங்கள் சந்தைக்காரர் என்பதே எமது எண்ணம். அந்த எண்ணம் தவறு. அந்த இடம் எப்படி உண்டானது என்ற கதையைத் தெரிந்துகொண்டால் அது தவறு என்பது விளங்கும்.

வட்டுக்கோட்டையில் போட்ட விதை

யாழ்ப்பாணத்தில் உயர்கல்வியின் கதை 1823 இல் தொடங்குகிறது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் அந்த ஆண்டில் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை ஆரம்பித்தார்கள். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். கணிதம், வானசாத்திரம், ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள் சிலரும் அங்கே போய்ப் படித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் நிறுவப்பட்டபோது அதன் முதற் பட்டதாரிகளாக வந்த இருவரும், சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும், இந்தச் செமினரியில் படித்தவர்களே. தாமோதரம்பிள்ளை பின்னர் ஏட்டுச் சுவடியில் அழிந்துகொண்டிருந்த பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்தார் என்பதை நாம் அறிவோம்.

ஆனால் அந்தச் செமினரி 1855 இல் மூடப்பட்டது. மூடிய காரணத்தை நாம் கவனிக்க வேண்டும். மிஷன் தலைமைப்பீடத்திலிருந்து வந்து பார்த்தவர்கள், இங்கே படிக்கிற இளைஞர்கள் ஆங்கிலம் கற்று அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், தங்கள் கிராமத்துக்குத் திரும்புவதில்லை என்று குறைப்பட்டார்கள். மிஷனுக்கு அதன் சொந்த நோக்கங்கள் இருந்தன. அவற்றை நாம் இங்கே ஆராயவில்லை. ஆனால் படிப்பு என்பது பிள்ளையை ஊரிலிருந்து பிரித்தெடுக்கும் கருவியா, அல்லது ஊருக்குத் திரும்பக் கொடுக்கும் கருவியா என்று அன்று எழுந்த கேள்விக்கு இன்றும் முழுமையான விடை கிடைக்கவில்லை.

அதே மிஷனைச் சேர்ந்த ஒருவர் வேறொரு விடையைச் செய்து காட்டினார். 1847 இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியம் செய்துகொண்டே மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பின்னர் தமிழுக்கு மாறினார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். கலைச்சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி அமைத்தார். முப்பதுக்கு மேற்பட்டோர் அவரிடம் தமிழிலேயே வைத்தியம் கற்று வெளியேறினார்கள். ஆங்கிலத்தில் கற்றவன் நகரத்துக்கும் உத்தியோகத்துக்கும் போவான், தமிழில் கற்றவன் ஊரிலே இருந்து வைத்தியம் பார்ப்பான் என்பது அவருடைய நம்பிக்கை. எந்த மொழியில் கற்பிக்கிறோம் என்பது யாருக்காகக் கற்பிக்கிறோம் என்பதையும் தீர்மானிக்கிறது என்று அவர் உணர்ந்திருந்தார்.

நாடு கேட்ட பல்கலைக்கழகம்

அடுத்த நூற்றாண்டில் இலங்கைக்கு என்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1906 இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தொடங்கியபோது அதன் முன்னணியில் நின்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. 1942 இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தரானார். பின்னர் பேராதனைக்கும் அது விரிந்தது.

அதே 1921 இல், அருணாசலத்தின் தமையனார் சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரியை அமைத்திருந்தார். இரண்டுக்கும் தன் சொந்தச் செல்வத்தைச் செலவிட்டார். வட்டுக்கோட்டையில் கிறிஸ்தவர்கள் இட்ட விதையும் திருநெல்வேலியில் சைவப் பெருமகன் இட்ட விதையும் பின்னர் ஒரே மரத்தின் வேர்களாயின என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறோம்.

1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. எமது குடும்பங்களின் சரித்திரத்தை மாற்றியது இதுதான். அதுவரை காணியை ஈடு வைத்தோ விற்றோ பிள்ளையைப் படிப்பிக்க முடிந்தவர்களே மேலே போனார்கள். அதன் பிறகு புகையிலை விற்ற காசு போதாதவர் வீட்டுப் பிள்ளையும் பேராதனைக்குப் போக வழி பிறந்தது. இலவசம் என்று சொல்கிறோம். உண்மையில் அது இலவசமல்ல. நாம் வாங்கும் ஒவ்வொரு போத்தல் மண்ணெண்ணெயிலும் ஒவ்வொரு பை பசளையிலும் ஒவ்வொரு இறாத்தல் சீனியிலும் அரசுக்குப் போகும் வரியிலிருந்து வருவதுதான் அந்தக் காசு. பொதுப் பல்கலைக்கழகம் என்பதன் பொருள் இதுவே. பிள்ளையே இல்லாத கூலிக்காரனும் அதற்குப் பணம் கட்டியவன்.

திருநெல்வேலிக்கு வந்த வளாகம்

தமிழ்ப் பிரதேசத்தில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை 1950களிலிருந்தே வலுத்து வந்தது. அது திருகோணமலையில் அமைய வேண்டுமா, யாழ்ப்பாணத்தில் அமைய வேண்டுமா என்று எமக்குள்ளேயே பெரிய வாதம் நடந்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், நல்ல புள்ளி எடுத்த எமது பிள்ளைகள் பலரைப் பல்கலைக்கழக வாசலில் தடுத்து நிறுத்தியது. அந்தக் காயம் எவ்வளவு ஆழமானது என்பதை நாம் அறிவோம். அதன்பின் வந்த மாவட்ட ஒதுக்கீட்டினால் வன்னியிலும் மன்னாரிலும் வசதியற்ற பாடசாலைகளில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் சிலர் உள்ளே வர முடிந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பின்னர் வன்னியிலே தங்க நேர்ந்த எமக்கு, அந்தப் பிள்ளைகளின் பக்கமும் விளங்கியது.

1974 இல், அப்போதிருந்த ஒரே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. இராமநாதனின் பரமேசுவராக் கல்லூரிக் காணியும் கட்டடங்களும், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு இருந்த இடமும் அதற்குக் கொடுக்கப்பட்டன. 1823 இல் இட்டதும் 1921 இல் இட்டதும் இப்படித்தான் ஒன்று சேர்ந்தன. பேராசிரியர் க. கைலாசபதி முதல் தலைவரானார். 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி 1979 சனவரி 1 முதல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்ற தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் முதல் துணைவேந்தர் பேராசிரியர் சு. வித்தியானந்தன், எமக்கு அயலூரான தெல்லிப்பழையைச் சேர்ந்தவர்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை. 1960களில் பேராதனையில் இருந்தபோது, கிராமத்து அண்ணாவிமார் வாயிலும் காலிலும் காத்து வைத்திருந்த கூத்தை அவர் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவை அப்படி உருவானவை. எழுத்து வாசனை குறைந்த கமக்காரனிடத்திலும் பல்கலைக்கழகம் கற்றுக்கொள்ள வேண்டிய கலை உண்டு என்று அவர் ஏற்றுக்கொண்டார். கலையில் ஏற்றுக்கொண்ட இந்த உண்மையை மண்ணிலும் நீரிலும் விதையிலும் ஏற்றுக்கொள்ள முடியாதா என்பதே எமது கேள்வி.

அவருக்குப் பின் வந்த பேராசிரியர் அ. துரைராசா 1988 முதல் 1994 இல் இறக்கும் வரை துணைவேந்தராக இருந்தார். மண்ணின் பொறியியலில் உலகறிந்த அறிஞர். வெளிநாட்டில் வசதியாக இருந்திருக்கலாம். எரிபொருளும் மின்சாரமும் இல்லாத அந்த நாட்களில் இங்கேயே நின்றார். சைக்கிளில் போய் வந்த துணைவேந்தர் என்று ஊர் இன்றும் அவரைச் சொல்கிறது. 1990 இல் கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கியது அவருடைய காலத்தில்தான். அந்தப் பீடமும் எம்மைப் போலவே இடம்பெயர்ந்தது. போரினால் திருநெல்வேலியில் இயங்க நேர்ந்து, போர் முடிந்த பின்னரே கிளிநொச்சி அறிவியல் நகருக்குத் திரும்பியது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனபோது பல்கலைக்கழகமும் பெயர்ந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்து மீண்டும் கதவைத் திறந்தது. ஆகவே இடம்பெயர்வு என்றால் என்ன என்று அதற்கு நாம் விளக்கத் தேவையில்லை.

மூன்று கடமைகள்

ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் கடமை என்ன? கற்பித்தல், ஆராய்தல் என்ற இரண்டையும் எவரும் சொல்வர். மூன்றாவது ஒன்று உண்டு. அறிந்ததை, பட்டத்துக்குப் படிக்காத மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தல்.

இதைச் சட்டமாகவே ஆக்கிய நாடு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1862 இல் கொண்டுவரப்பட்ட மோரில் சட்டம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் அரச நிலத்தைக் கொடுத்து, அதை விற்று வரும் பணத்தில் விவசாயமும் கைத்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை அமைக்கச் சொன்னது. 1887 இல் வந்த சட்டத்தால் அக்கல்லூரிகளோடு ஆராய்ச்சிப் பண்ணைகள் சேர்ந்தன. 1914 இல் வந்த இன்னொரு சட்டம், அங்கே கண்டறிந்ததைக் கிராமம் கிராமமாகக் கொண்டுசெல்ல ஆட்களையும் பணத்தையும் ஒழுங்கு செய்தது. கமக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பறை, கமக்காரனுக்கு வயலோரத்தில் ஆலோசனை. இரண்டும் ஒரே நிறுவனத்தின் வேலை.

அயலிலேயே உதாரணம் வேண்டுமென்றால் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். 1868 இல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பாடசாலைதான் பின்னர் கோயம்புத்தூருக்குப் போய் 1971 இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. அந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974 இல் புதுச்சேரியில் திறக்கப்பட்டது. கமக்காரர் வந்து கையால் செய்து பழகும் பள்ளிக்கூடம் அது. இன்று அப்படிப்பட்ட நிலையங்கள் இந்தியா முழுவதும் நூற்றுக்கணக்கில் உள்ளன. எமது வளாகம் தொடங்கியதும் அதே 1974 இல்தான்.

எமது காணியும் அவர்களது கல்வியும்

ஆனால் அமெரிக்க உதாரணத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. இடம்பெயர்ந்தவர்களாகிய நாம் அதைப் பாராமல் விட முடியாது. அந்தக் கல்லூரிகளுக்காக அரசு கொடுத்த நிலம் வெறும் நிலமல்ல. அங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்களிடமிருந்து ஒப்பந்தத்தாலும் ஏமாற்றாலும் பலாத்காரத்தாலும் எடுத்த நிலம். ஒரு கமக்காரனின் பிள்ளை படிப்பதற்கு, இன்னொரு மக்கள் கூட்டத்தின் மண் விலையாயிற்று. இந்தக் கணக்கை அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அண்மைக் காலத்தில்தான் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருக்கின்றன.

கீரிமலையில் நாம் இதை நன்கு உணர முடியும். எமது காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த காலத்தில் அங்கே ஜனாதிபதி மாளிகை ஒன்று எழுந்தது. பின்னர் அதை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. உயர்கல்விக்குக் கொடுக்கலாம் என்ற யோசனைகளும் எழுந்தன. கேட்பதற்கு அழகான யோசனை. கல்வி என்ற சொல்லைக் கேட்டால் யாழ்ப்பாணத்தான் மறுத்துப் பேச மாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எவர் காணியில் எவரைக் கேட்டு?

எமது நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்கிறோம். கல்விக்கு நாம் எதிரிகளல்ல. கல்விக்காகக் காணி கொடுத்த வரலாறு எமது ஊர்களுக்கு உண்டு. ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்கள் நிற்பது யாரோ கொடுத்த பரப்புக்களில்தான். ஆனால் கொடுத்தல் வேறு, எடுத்தல் வேறு. இராமநாதன் தன்னுடையதைக் கொடுத்தார். அடுத்தவனுடையதை எடுத்துக் கொடுக்கவில்லை. உறுதி வைத்திருப்பவனிடம் காணியை முதலில் ஒப்படையுங்கள். பிறகு அவனிடம் வந்து கேளுங்கள். அவன் கொடுக்கலாம், குத்தகைக்கு விடலாம், மறுக்கலாம். மறுப்பதற்கு உரிமை உள்ளவன் மட்டுமே மனமுவந்து கொடுக்க முடியும். அந்த ஒழுங்கு மாறினால், அங்கே எழும் கட்டடத்துக்கு எந்தப் பெயரைச் சூட்டினாலும் அது பறித்த காணியில் நின்ற கட்டடமாகவே இருக்கும்.

நாம் கேட்பவை

பல்கலைக்கழகம் எமக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 1978 இல் தொடங்கிய மருத்துவ பீடம், மருந்தும் மின்சாரமும் தட்டுப்பட்ட காலத்திலும் வைத்தியர்களை உருவாக்கியது. அவர்களிடம் உயிர்பெற்றவர்கள் எம்மிடையே எத்தனையோ பேர். 1984 இல் சித்த மருத்துவமும் பல்கலைக்கழகக் கல்வியாயிற்று. வவுனியாவில் கிளையாக வளர்ந்தது 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. செய்தவற்றுக்கு நன்றி உண்டு. நன்றியுடன்தான் நாம் கேட்கிறோம்.

முதலாவது, மண். இருபதும் அதற்கு மேற்பட்ட ஆண்டுகளும் ஏர் படாமல் கிடந்த செம்மண் பழைய செம்மண் அல்ல. சில இடங்களில் மேல் மண் வாரப்பட்டு அடியிலுள்ள கல் தெரிகிறது. சில இடங்களில் கட்டட இடிபாடு புதைந்திருக்கிறது. திரும்பி வந்த புதிதில் எம்மிற் சிலர் ஒரு பையில் மண்ணைக் கட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். வாங்கி வைத்தார்கள். பிறகு வரச் சொன்னார்கள். பிறகு போனபோது பையையே காணவில்லை. அதற்குள் நடுகைப் பருவம் போய்விட்டது. விடுவிக்கப்பட்ட காணிகளில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு நாள் என்று மாணவர்கள் வந்து மண் எடுத்து, முடிவை அடுத்த போகத்துக்கு முன் அறிவித்தால் அவர்களுக்கும் அது பாடம், எமக்கும் அது வாழ்வு.

இரண்டாவது, நீர். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. மழை நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் தங்குகிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வரும். மேலே கொட்டுவது எல்லாம் கீழே போகும். கடலோரத்தில் கீரிமலைக் கேணியில் நன்னீர் ஊறி வருவதும் இந்தச் சுண்ணாம்புக்கல்லின் வேலைதான். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பது ஆய்வாளர் நெடுங்காலமாகச் சொல்லி வரும் விடயம். யூரியாவையும் எருவையும் கணக்கில்லாமல் போட்ட எமக்கும் அதில் பங்குண்டு. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது மக்கள் பட்ட பாட்டையும், அது உயர் நீதிமன்றம் வரை போய் 2019 இல் நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பானதையும் நாம் மறக்கவில்லை. அந்தக் குழப்பமான மாதங்களில் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அப்படியான வேளையில் எவருக்கும் அஞ்சாமல், எவருடைய தயவையும் பாராமல், உள்ளதை உள்ளபடி சொல்லும் ஒரு வாய் மக்களுக்கு வேண்டும். அதற்காகத்தான் பல்கலைக்கழகத்துக்குச் சுதந்திரம் கொடுக்கப்படுகிறது.

மூன்றாவது, ஊரின் ஞாபகம். எந்தத் தறைக்கு என்ன பெயர், எந்தக் கிணறு யார் யாருக்குப் பங்கு, வெள்ள வாய்க்கால் எந்த வழியால் ஓடியது, சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கல் அகழ்ந்த கிடங்குகளுக்கு முன் அந்த இடங்கள் எப்படி இருந்தன என்பதெல்லாம் எழுதப்படவில்லை. அவை எமது முதியவர்களின் தலையில் இருந்தன. ஒவ்வொரு செத்தவீட்டோடும் ஒரு வரைபடம் எரிகிறது அல்லது புதைகிறது. எல்லைக் கல்லும் வேலியும் இல்லாத நிலத்தில் இந்த ஞாபகம் வெறும் பழங்கதையல்ல, வழக்கில் சாட்சி. வரலாறும் புவியியலும் படிக்கும் பிள்ளைகள் ஒரு கொப்பியோடு வந்து எமது கிழவன் கிழவிகளின் பக்கத்தில் இருக்கட்டும்.

நான்காவது, மொழி. பல பீடங்களில் இன்று ஆங்கிலத்தில்தான் கற்பிக்கிறார்கள். நாட்டின் எல்லாப் பாகங்களிலிருந்தும் சிங்கள, முஸ்லிம் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். அது நல்லது. அரச பல்கலைக்கழகம் எல்லோருக்கும் பொது. அம்பாந்தோட்டையிலிருந்து வந்து கிளிநொச்சியில் விவசாயம் படிக்கும் பிள்ளையும் ஒரு கமக்காரனின் பிள்ளையாகவே இருக்கக்கூடும். ஆனால் எமது கிணற்றையும் எமது வெங்காயத்தையும் பற்றி எழுதிய ஆய்வு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் அதை யார் வாசிப்பது? ஒவ்வொரு ஆய்வோடும், தமிழில், தோட்டக்காரனுக்கு விளங்கும் நடையில் இரண்டு பக்கம் எழுத வேண்டும் என்று ஒரு விதி போதும். கிறீன் வைத்தியர் அன்று செய்ததை இன்று செய்ய முடியாதா?

சிலர் சொல்லக்கூடும்: இவையெல்லாம் விவசாயத் திணைக்களத்தின் வேலை, பல்கலைக்கழகம் அறிவை அறிவுக்காகத் தேடும் இடம், அதை ஊர் வேலைக்கு இழுத்தால் தரம் கெடும். இந்த வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. நட்சத்திரத்தை ஆராய்பவரும் பழைய இலக்கணத்தை ஆராய்பவரும் இருக்கத்தான் வேண்டும். உடனடிப் பயனை மட்டும் பார்த்திருந்தால் தாமோதரம்பிள்ளை கறையான் அரித்த ஏடுகளைத் தேடியிருக்க மாட்டார். ஆனால் துரைராசாவின் உதாரணத்தைப் பாருங்கள். காலுக்குக் கீழே கிடக்கும் மண்ணை ஆராய்ந்தே அவர் உலகப் புகழ் பெற்றார். ஊரின் கேள்வி சிறிய கேள்வி என்று யார் சொன்னது? பல்கலைக்கழகம் தன் விருதுவாக்கைத் திருக்குறளிலிருந்து எடுத்துக்கொண்டது. எதுவானாலும் அதன் உண்மையைக் காண்பதே அறிவு என்பது அதன் கருத்து. எமது கிணற்றின் உண்மையும் அதில் அடங்கும்.

நாமும் செய்ய வேண்டியவை

மற்றவரைக் குறை சொல்லுமுன் எம்மையும் பார்க்க வேண்டும். பிள்ளை கம்பஸுக்கு எடுபட்டவுடன் நாம் சொல்வது என்ன? "இனி நீ மண்வெட்டி பிடிக்கத் தேவையில்லை." இதை ஆசீர்வாதமாகவே சொல்கிறோம். வெயிலில் காய்ந்தவர்கள், இறைப்பில் இடுப்பு ஒடிந்தவர்கள் அப்படிச் சொல்வது நியாயந்தான். ஆனால் அந்த வார்த்தைக்குள், மண் கேவலம் என்ற பாடத்தையும் நாமே கற்பித்துவிடுகிறோம். பிறகு அவன் கனடாவுக்குப் போனால் பெருமைப்படுகிறோம், காணியைப் பார்க்க ஆளில்லை என்று கண்ணீரும் விடுகிறோம். 1855 இல் வட்டுக்கோட்டைச் செமினரியைப் பற்றிச் சொன்ன குறை எமது வீடுகளுக்கும் பொருந்தும்.

ஆகவே ஒவ்வொரு ஊரிலும் மூன்று காரியங்கள் செய்யலாம். கமக்காரர் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து இருந்து, எமக்கு விடை தெரியாத ஐந்து கேள்விகளை எழுத வேண்டும். 'உதவி செய்யுங்கள்' என்று எழுத வேண்டாம். 'இந்தத் தறையில் வெங்காயம் ஏன் மூன்றாம் கிழமையில் பழுக்கிறது?' என்று எழுதுங்கள். நல்ல கேள்விக்கு அறிஞர்கள் வராமல் இருக்க மாட்டார்கள். அடுத்து, எமது பிள்ளைகளிற் பல்கலைக்கழகத்தில் படிப்போரை விடுமுறையில் அழைத்து, இடையில் நிற்கும் பாலமாக ஆக்க வேண்டும். கடைசியாக, உறுதிகளின் பிரதிகளையும் முதியவர்கள் சொல்லும் எல்லைகளையும் கிணற்றுப் பங்குகளையும் நாமே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்க வேண்டும். கொப்பியும் பேனையும் போதும். யாரும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும்போது அந்த மதிலோரம் சற்று நில்லுங்கள். அந்த நிலத்தை ஒருவர் கொடுத்தார். அதற்கு முன் வேறு சிலர் வட்டுக்கோட்டையில் வழி திறந்தார்கள். அதை நடத்தும் செலவில் எமது வியர்வையும் கலந்திருக்கிறது. அது எமக்குச் சொந்தமானது என்று நாம் சொல்வது இதனால்தான். சொந்தம் என்பது அதிகாரம் செய்வதற்கல்ல. வாசலில் தயங்காமல் உள்ளே போய், "பிள்ளைகளே, இந்த மண்ணை ஒருக்கால் பாருங்கோ" என்று கேட்பதற்கு.

1990 இல் நாம் தூக்கி வந்த இரண்டு கடதாசிகளும் ஒன்றையொன்று அறிய வேண்டிய காலம் இது. உறுதி பெட்டியிலும் சான்றிதழ் சுவரிலும் தனித்தனியே தொங்கினால் இரண்டாலும் பயனில்லை. படித்த பிள்ளை ஒருநாளாவது தகப்பனோடு காணிக்குப் போய், எல்லை எங்கே என்று கேட்கட்டும். தகப்பன் காட்டட்டும்.